ஆள் கணக்கும் மனக் கணக்கும்

காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டால் சேர்வராயன் மலையிலே ஒரு புலம்பலும் கூடவே தொடங்கிவிடும். "ஆள் கிடைக்கவில்லை!" ஏற்காட்டுக் கடைவீதியிலே கேட்கலாம், நாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலே கேட்கலாம், சமவெளியிலே வீடு வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் காரிலே ஏறிவந்து தோட்டம் பார்த்துப் போகிற சீமான்களின் வாயிலே கேட்கலாம். பழம் செடியிலேயே காய்ந்து கறுக்கிறது, மிளகுக்கொடி பறிப்பாரற்று நிற்கிறது, வந்த ஆளும் ஒழுங்காக வேலை செய்வதில்லை, இந்தக் காலத்து ஆளுக்கு அக்கறையே கிடையாது. இதுதான் பல்லவி.

அக்கறை இல்லை என்கிறார்களே, அந்த அக்கறை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை ஆராய்வதற்கென்றே ஒரு பெரும் படிப்பு உலகிலே வளர்ந்து நிற்கிறது. மனிதவள மேலாண்மை என்று அதற்குப் பெயர். ஜாம்ஷெட்பூரிலே 1949-இல் பாதிரிமார் தொடங்கிய தொழிலுறவுப் பள்ளியிலே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆமதாபாத்திலே 1961-இல் எழுந்த மேலாண்மைக் கழகத்திலே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களிலே அதிலே டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். தொழிலாளி ஏன் வேலைக்கு வருகிறான், ஏன் மட்டம் போடுகிறான், எதற்கு மகிழ்கிறான், எதற்குச் சிணுங்குகிறான் என்று கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கெடுத்து, சதவீதம் போட்டுக் கட்டுக்கட்டாக எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் மானேஜர் சங்கதி, நமக்கெதற்கு?" என்று நம் தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்தக் கட்டுகளிலே எழுதியிருப்பது யாரைப் பற்றி? நம்மைப் பற்றித்தான்! நம்மைப் பற்றி ஊரார் எழுதி வைத்திருப்பதை நாம் படிக்காமல் விடுவது கெட்டிக்காரத்தனம் ஆகாது. படித்துப் பார்த்தால் ஒரு விந்தை தெரிகிறது. கேள்வி கேட்டவர் முதலாளி பக்கத்து ஆள். செலவு முதலாளி செலவு. ஆயினும் கிடைத்த விடை, தொழிலாளி அதற்கு முன்பே வாய்விட்டுச் சொன்ன விடையாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. சொன்னபோது அது முறையீடு. பேராசிரியர் எழுதியபோது அது விஞ்ஞானம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். வளம் என்றால் என்ன? நீர்வளம், வனவளம், கனிவளம். நம் சேர்வராயன் மலையிலேயே பாக்சைட் என்ற கனிவளம் இருந்தது. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காகப் பல ஆண்டுகள் வெட்டி வெட்டிக் கீழே இறக்கினார்கள். வெட்டிய இடத்தைப் பார்த்தவர்களுக்கு, வளம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கலக்கம் வருவது இயற்கை. மனிதனுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயரிலே என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம், செய்கையைப் பார்ப்போம்.

இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820-களிலே. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து நட்டார். பின்னாலே வந்த துரைமார் காட்டைத் திருத்தித் தோட்டமாக்கினார்கள். திருத்தியது துரைமார் என்று எழுதுவது வழக்கம்; மரம் வெட்டியது, குழி தோண்டியது, நாற்று நட்டது மலையாளிப் பழங்குடி மக்களும் சமவெளியிலிருந்து ஏறிவந்த ஏழைகளும். அந்தக் காலத்திலே ஆள் பிடிக்கத் தென்னாட்டு மலைத்தோட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே வழிதான்: முன்பணம். மேஸ்திரி பணத்தோடு ஊருக்குள் போவார். வறண்ட ஆண்டாக இருந்தால் வேலை எளிது. வாங்கியவன் மலையேறுவான். ஏறியபின் அட்டைக்கடி, குளிர்க்காய்ச்சல், அடி உதை தாங்காமல் இறங்கி ஓடினால்?

அங்கேதான் சட்டம் காத்திருந்தது. 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம். வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கியவன் வேலைக்கு வரவில்லை என்று முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சொன்னால் போதும். பணத்தைக் கட்டு, அல்லது வேலையைச் செய் என்று உத்தரவாகும். அதையும் மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கொடுத்த வாக்கை முதலாளி மீறினால் அவருக்குச் சிறை உண்டா? அந்தச் சட்டத்திலே அப்படி ஒரு வரி கிடையாது. 1926 ஏப்ரல் முதல் நாள்தான் அது ஒழிந்தது. 67 ஆண்டுகள் ஆட்சி செய்தது. ஆக, அன்றைய மனிதவள அதிகாரி யார் என்றால், மாஜிஸ்திரேட்!

கடல் கடந்தும் இதே கதைதான். சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்களே நம் மக்கள், அங்கே 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. இன்னாருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பது. கடனோடு சேர்ந்து குடும்பமே கைமாறும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். அந்தக் காலத்துத் தோட்டக் கணக்கிலே தொழிலாளியின் நடத்தையைப் பற்றி முக்கியமாக எழுதிய குறிப்பு ஒன்றே ஒன்று: ஓடிவிட்டான். ஏன் ஓடினான் என்று எழுத அந்தப் பேரேட்டிலே கட்டம் இல்லை.

ஏன் என்று கேட்கத் தொடங்கியது அமெரிக்க நாட்டிலே. ஆனால் முதலில் கேட்டவர் தொழிலாளியிடம் கேட்கவில்லை, கடிகாரத்திடம் கேட்டார். பிரடெரிக் டெய்லர் என்ற எஞ்சினியர். 1899-இல் பெத்லகேம் இரும்பு ஆலையிலே, இரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் பெட்டியிலே ஏற்றும் ஆட்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றி வந்தார்கள். டெய்லர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தூக்கு என்றால் தூக்கு, உட்கார் என்றால் உட்கார் என்று நொடி நொடியாக நடத்தி, 47 டன்னுக்கு மேல் ஏற்ற வைத்ததாக எழுதினார். கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட் ஆயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே: சுமை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இதற்கு விஞ்ஞான மேலாண்மை என்று பெயர் சூட்டி 1911-இல் புத்தகம் போட்டார். சுமை தூக்குகிறவன் மாட்டைப் போல மந்த புத்தி உள்ளவனாக இருப்பதே நல்லது என்றும் அதிலே எழுதத் துணிந்தார். அதே 1911-இல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையின் வார்ப்படத் தொழிலாளர்கள், கடிகாரத்தோடு பக்கத்திலே வந்து நின்ற ஆளைக் கண்டு வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அமெரிக்கப் பாராளுமன்றமே விசாரித்தது. 1915-இல் அரசாங்க ஆயுதச் சாலைகளிலே அந்தக் கடிகார வேலைக்குப் பணம் செலவிடக் கூடாது என்று தடை வந்தது. மந்த புத்திக்காரர்கள் செய்த காரியமா இது?

அதற்குப் பின்னே வந்ததுதான் இந்தப் படிப்புக்கே மூலநூல் போலச் சொல்லப்படும் ஹாதார்ன் ஆராய்ச்சி. சிகாகோ நகரத்தை ஒட்டி, தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் தொழிற்சாலை. 1924 முதல் 1932 வரை ஆராய்ச்சி நடந்தது. முதலில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடிற்று. குறைத்தார்கள், அப்போதும் குறையவில்லை. நிலவொளி அளவுக்கு மங்கவைத்தும் இரண்டு பெண்கள் வேலையை ஓட்டிக் காட்டினார்கள்! குழம்பிப்போனவர்கள், 1927-இல் ஒரு சிறு அறையிலே ஆறு பெண்களை உட்காரவைத்து, ரிலே என்னும் கருவியைப் பூட்டும் வேலையைக் கொடுத்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். ஐந்து நிமிட ஓய்வு இரண்டு முறை, பிறகு பத்து நிமிடம், பிறகு சிற்றுண்டி, பிறகு அரைமணி முன்னதாக வீட்டுக்கு விடுவது. உற்பத்தி ஏறிக்கொண்டே போயிற்று. சுமார் 30 சதவீதம் வரை ஏறிற்று. ஓய்வு கொடுத்தால் வேலை கெடாது, கூடும்! ஆகா, என்ன கண்டுபிடிப்பு என்று உலகம் வியந்தது.

நாம் வியக்கவில்லை. காரணம், பெரம்பூர். சென்னைப் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918-இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். மதிய இடைவேளை போதவில்லை, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடவேண்டியிருக்கிறது, வாசலிலே ஒரு நிமிடம் பிந்தினால் கதவு சாத்தப்படுகிறது என்ற குறைதான், அந்த ஆண்டு ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான குறைகளிலே முதன்மையானது. செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் தொழிலாளரைத் திரட்ட, வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள்கொடுத்தார். சிகாகோ அறையிலே ஓய்வு ஆராய்ச்சி தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, எந்தப் பட்டமும் இல்லாத நெசவுத் தொழிலாளி தன் வயிற்றை வைத்தே முடிவைச் சொல்லிவிட்டான். அவனுக்குக் கிடைத்தது பேராசிரியர் பதவி அல்ல, கதவடைப்பு.

ஹாதார்ன் கதையிலே பாடப் புத்தகங்கள் மெல்ல நழுவவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த ஆறு பெண்களிலே இருவர், வேலையின்போது அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 ஜனவரியிலே அறையைவிட்டு நீக்கப்பட்டார்கள். சுறுசுறுப்பான வேறு இருவரை அங்கே வைத்தார்கள். அதன்பின் உற்பத்தி நன்றாக ஏறிற்று. அதோடு, கூலி முறையையும் மாற்றியிருந்தார்கள். முன்பு நூறு பேர் சேர்ந்த பெரிய குழுவின் உற்பத்தியைக் கொண்டு கூலி பிரிப்பார்கள். ஒருத்தி கூடுதலாக உழைத்தாலும் அவள் பைக்கு வருவது தெரியாது. அறையிலேயோ அந்தச் சின்னக் குழுவுக்குள்ளேயே பங்கு. உழைப்பு உடனே கூலியிலே தெரிந்தது. ஓய்வையும் மற்றவற்றையும் தொடாமல் கூலி முறையை மட்டும் வேறொரு குழுவுக்கு மாற்றிப் பார்த்தபோதும் உற்பத்தி ஏறிற்று. பழைய முறைக்குத் திருப்பியதும் இறங்கிற்று. ஆனாலும் ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோவும் அவருடைய கூட்டத்தாரும் உலகுக்குச் சொன்ன பாடம் என்ன? தொழிலாளிக்குக் கூலியைவிட முக்கியம் அன்பான கவனிப்பு என்பது! 1967-இல் அலெக்ஸ் கேரி என்ற ஆஸ்திரேலிய அறிஞர் அந்தக் கணக்குகளை எடுத்துவைத்து, காட்டிய சான்று ஒன்று, சொன்ன முடிவு வேறு என்று தோலுரித்துக் காட்டினார். கவனிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதுகைத் தட்டிக்கொடுத்தால் எவருக்கும் இனிக்கும். தட்டிய கை கூலிப் பையையும் தொடவேண்டும், அவ்வளவுதான்.

அதே தொழிற்சாலையிலே 1931 நவம்பரிலே இன்னொரு அறை. இங்கே 14 ஆண்கள். கம்பி இணைக்கும் வேலை. குழுவாகக் கூலி கொடுத்தால், கூட்டுப் பணத்தின் ஆசையாலே ஒருவனை ஒருவன் விரட்டி வேலைவாங்குவான் என்பது நிர்வாகத்தின் மனக்கணக்கு. நடந்தது வேறு. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அவர்களே ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேலே செய்தவனைத் தோளிலே ஒரு குத்துக் குத்தினார்கள். மிகவும் குறைத்தவனையும் விடவில்லை. மேலதிகாரியிடம் கோள் சொன்னவனை ஒதுக்கினார்கள். சோம்பல், அறியாமை, உணர்ச்சிவசம் என்று பண்டிதர்கள் எழுதினார்கள். நமக்கென்னவோ அதிலே நல்ல அறிவுதான் தெரிகிறது. கூடுதலாகச் செய்தால் நாளைக்குக் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள். அல்லது ஆளைக் குறைப்பார்கள். பஞ்ச காலம் அது. உலகப் பொருளாதாரமே கவிழ்ந்து கிடந்தது. அவர்கள் அஞ்சியது வீண் அச்சமா? 1932 மே மாதம், வேலை இல்லை என்ற காரணத்தாலே அந்த ஆராய்ச்சி அறையே மூடப்பட்டது. ஆராயப்பட்டவர்களும் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் கம்பெனி 1928 முதல் 1930 வரை இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேட்டியும் கண்டது. மனத்திலே உள்ளதைக் கொட்டு, நாங்கள் கேட்கிறோம் என்றார்கள். கொட்டினார்கள், கொட்டிய மாத்திரத்திலே பலருக்கு மனச்சுமை இறங்கியதாம். பேச விட்டார்கள், பேரம் பேச விடவில்லை! இந்தச் சூட்சுமம் பழைய சிகாகோவோடு முடிந்துவிட்டதா? 2024-இலே நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் சாம்சங் தொழிற்சாலையிலே செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதன் உயிர்நாடி என்ன? கூலி இருந்தது, நேரம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள் என்பது இருந்தது. நிர்வாகம், சங்கத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் குழு ஒன்றோடு உடன்பாடு என்று காகிதம் காட்டியது. 2025 ஜனவரியிலேதான் சங்கம் பதிவாயிற்று. ஊழியர் குரல் கேட்கப்பட வேண்டும் என்று எழுதாத மனிதவளப் புத்தகம் கிடையாது. குரல் ஒன்றாகச் சேர்ந்து ஒலித்தால் மட்டும் காது மந்தமாகிவிடுகிறது.

எல்லா ஆராய்ச்சியும் சூது என்று சொல்லிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. ஆமதாபாத் கதை இருக்கிறது. சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலை. 1918-இலே ஆமதாபாத் நெசவாளர் வேலைநிறுத்தத்திலே தொழிலாளர் பக்கம் நின்ற அனசூயா, அந்த ஆலை முதலாளி அம்பாலாலின் உடன்பிறந்த சகோதரி என்பது சுவையான செய்தி. அந்த ஆலையிலே 1953-இல் தானியங்கித் தறிகள் 224 நிறுத்தி ஓட்டினார்கள். புதிய இயந்திரம், ஆனால் துணி பழைய அளவிலேகூட வரவில்லை, சேதமோ அதிகம். இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து ரைஸ் என்பவர் வந்து பார்த்தார். 12 வகை வேலை. நூல் அறுந்தால் ஒருவர், தார்க்குச்சி மாற்ற ஒருவர், எண்ணெய் போட ஒருவர் என்று ஆளுக்கொரு துண்டு. ஒருவருக்கு எத்தனை தறி என்பது ஒவ்வொரு வேலைக்கும் வேறு வேறு. யாருக்கு யார் துணை என்பதே தெரியாது. ஒரு குழுவுக்கு இத்தனை தறி, முழுப் பொறுப்பும் அந்தக் குழுவுக்கே என்று மாற்றினால் என்ன என்று அவர் ஒரு யோசனையை வைத்தார். அடுத்து நடந்ததுதான் முக்கியம். யோசனை காதிலே விழுந்தவுடனே தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். யார் யார் எந்தக் குழு என்று தாங்களே பேசிப் பிரித்துக்கொண்டார்கள். நாளடைவிலே உற்பத்தி ஏறிற்று, சேதம் குறைந்தது. 1970-இல் அவருடைய கூட்டாளி மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது, ஒரு கொட்டகையிலே அந்த ஏற்பாடு நிலைத்திருந்தது. மற்ற இடங்களிலே கரைந்துபோயிருந்தது. நல்ல ஏற்பாடும் காவல் இல்லாவிட்டால் கரையும்.

இப்போது மறுபடி மலைக்கு வருவோம். தறிக்குச் சொன்னது காப்பிச் செடிக்கும் பொருந்துமா? நன்றாகப் பொருந்தும், தறியைவிடக் கூடுதலாகவே பொருந்தும்.

சேர்வராயன் மலைக் காப்பி பெரும்பாலும் அராபிகா. பழம் ஒரே நாளிலே பழுப்பதில்லை. ஒரு கிளையிலேயே சிவந்தது, மஞ்சள், பச்சை என்று கலந்து நிற்கும். சிவந்ததை மட்டும் விரலாலே கிள்ளி எடுத்துவிட்டுப் பச்சையை விட்டுவிட வேண்டும். சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வரவேண்டும். இதைச் செய்வது பெரும்பாலும் பெண்கள். எடைக்குக் கூலி என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கிளையைப் பிடித்து ஒரே உருவாக உருவினால் கூடை சீக்கிரம் நிரம்பும், பச்சைக்காயும் எடைதான்! நாள் கூலி என்றால் கை நிதானமாகும். கணக்குப்பிள்ளை தலையிலே அடித்துக்கொள்வார். ஆகவே எடைக்கூலியும் வைத்து, பச்சைக்காய் கண்டால் பிடித்தமும் போடுகிறார்கள் சில இடங்களிலே. பறிக்கிறவளுக்கு இரண்டு பக்கமும் இடி. தராசு முள்ளை அவள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

கீழே உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவது இன்னொரு வேலை. 1990-இலே நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் காய்த்துளைப்பான் என்ற பூச்சி இந்தியாவிலே முதன்முதலாகக் காணப்பட்டது. உதிர்ந்து கிடக்கும் பழத்திலும் செடியிலே எஞ்சிய பழத்திலும் தங்கி அடுத்த ஆண்டுப் பயிரைத் தாக்கும். பொறுக்கித் துப்புரவு செய்தாலொழியத் தப்ப முடியாது. குனிந்து குனிந்து நாளெல்லாம் பொறுக்கினாலும் கூடையிலே எடை சேராது. அதற்கும் எடைக்கூலி என்றால் எவள் குனிவாள்? அக்கறை இல்லை என்கிறார்களே, அக்கறைக்கு எந்தக் கணக்கிலே கூலி வைத்தார்கள்?

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அராபிகாச் செடியைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான். புழு தண்டுக்குள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது. இலை வெளிறுவதையும் தண்டிலே மெல்லிய மேடு ஓடியிருப்பதையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்து, அந்தச் செடியை வெட்டி எடுத்து எரித்தால் பக்கத்துச் செடி பிழைக்கும். அந்தக் கண் எங்கே விற்கிறது? இருபது ஆண்டு அதே மலையிலே நடந்த தொழிலாளியிடம் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் லாரியிலே ஏற்றிவரும் புது ஆளிடம் இருக்காது. அவர் குற்றமும் அல்ல அது. தமிழ்நாட்டு மலைத்தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் பிற வட மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நாம் ஒரு காலத்திலே இலங்கைக்குப் போனது போலத்தான் அவர்கள் வருகிறார்கள். அவர்கள்மேல் சினம் கொள்ள நமக்கு உரிமை இல்லை. ஆனால் அனுபவம் மிக்கவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செடி ஏன் சாகிறது என்று கேட்கிற தோட்ட நிர்வாகத்தை நோக்கி இரண்டு வார்த்தை கேட்க உரிமை உண்டு.

சட்டம் என்ன சொல்லிற்று? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குடிநீர், குழந்தைகள் காப்பகம் எல்லாம் சொன்னது. 300 தொழிலாளருக்கு மேல் உள்ள தோட்டத்திலே நல அதிகாரி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆலைகளுக்கு 1948-இலேயே 500 பேருக்கு என்று வந்துவிட்டது. மேஸ்திரிகளின் ஆட்சியைக் குறைக்க இப்படி ஓர் அதிகாரி வேண்டும் என்று 1931-இலேயே விட்லி கமிஷன் சொன்னதுதான் இதற்கு வித்து. ஆனால் நல அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளி. இரண்டு படகிலே கால் வைத்தவர் பாடு நமக்குத் தெரியாததா! நல்லவர்கள் சிலர் நன்றாகவே செய்தார்கள், மறுக்கவில்லை. 2020-இலே நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலே இந்தத் தோட்டச் சட்டமும் கரைக்கப்பட்டது. அந்தத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பழைய சட்டத்திலே கையிலிருந்தது எது, புதியதிலே வழுக்கியது எது என்று வரிக்கு வரி ஒப்பிட்டுத் தோட்டத்துத் தோழர்களுக்குத் தமிழிலே சொல்வது நம் சங்கங்களின் உடனடி வேலை.

ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும். நாகலூர்ப் பக்கத்திலே காப்பி வைத்திருப்பவர் எல்லாரும் முதலாளி அல்லர். மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்துக்கொண்டு, தன் செடியிலே பாதி நாள், பிறர் தோட்டத்திலே பாதி நாள் என்று உழைக்கிற மலையாளிக் குடும்பங்கள் உண்டு. 5 எக்டேருக்குக் கீழே தோட்டச் சட்டம் பெரும்பாலும் எட்டிப் பார்த்ததே இல்லை. அவரைச் சீமான் வரிசையிலே நிறுத்தி முழக்கம் போடுவது அறியாமை. அவருக்கும் ஆள் கிடைக்காத தொல்லை உண்டு. கொட்டைக்கு விலை கிடைக்காத தொல்லை அதைவிடப் பெரிது.

ஆகவே நாகலூரிலே ஓர் ஆராய்ச்சி தேவை. பல்கலைக்கழகம் செய்யட்டும், வரவேற்போம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதத் தெரிந்த தோழர் ஒருவர் இருந்தால் நாமே செய்யலாம். தோட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை பேர், எத்தனை நாள் வேலை, எடைக்கூலியா நாள்கூலியா, தராசு யார் கண்ணுக்குத் தெரிகிறது, பிடித்தம் எவ்வளவு, எதற்கு? சில்வர் ஓக் மரத்திலே ஒற்றை மூங்கில் ஏணி சாய்த்து மிளகு பறிக்க ஏறுகிறவருக்குக் கயிறு உண்டா, விழுந்தால் செலவு யாருடையது? மழைக்கு ஒதுங்க இடம் எங்கே, கைக்குழந்தை எங்கே கிடக்கிறது? பெண்கள் ஒதுங்க மறைவான இடம் உண்டா? 2021-இலே கடை ஊழியருக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று நம் மாநிலம் சட்டம் செய்ததே, அந்தப் பேச்சு எழுந்ததும் இப்படிக் கால் கடுத்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான். கேள்வியைப் பறிக்கிறவளிடமே கேட்கவேண்டும். அவள் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிவிடக் கூடாது. வடமாநிலத்து ஆளிடமும், இந்தி தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு, கேட்கவேண்டும்.

கார்த்திகை, மார்கழியிலே பறிப்பு சூடுபிடிக்கும். அதற்குள் நோட்டு வாங்கிவிட வேண்டும். முதல் பக்கத்திலே எழுதவேண்டிய கேள்வியையும் சொல்லிவிடுகிறோம். அந்த 'ஓடிவிட்டான்' பேரேட்டிலே கட்டம் இல்லாமல் போன கேள்விதான் அது. சென்ற பருவத்திலே இந்தத் தோட்டத்துக்கு வந்து, இந்தப் பருவத்துக்கு வராதவர்கள் யார் யார்? அவர்கள் எந்த ஊரிலே, என்ன வேலையிலே இருக்கிறார்கள்? ஏன் வரவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள்?